க்ரூஸ் கன்ட்ரோல் வேலை செய்யவில்லையா? பட்டனை விடுங்கள், பிரேக் பெடலுக்கு மேலே பாருங்கள்

நீண்ட சாலை, முன்னால் வண்டிகள் அதிகமில்லை, காலுக்குக் கொஞ்சம் ஓய்வு கொடுக்கலாம் என்று ஆக்சிலேட்டரை மிதிக்காமலே வண்டியை ஒரே வேகத்தில் ஓட்டும் க்ரூஸ் கன்ட்ரோலுக்காக ஸ்டீயரிங்கில் இருக்கும் பட்டனை அமுக்குகிறீர்கள். ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு தடவை, கொஞ்சம் அழுத்தமாக. அப்போதும் இல்லை. எனக்கு இது நடந்தபோது பட்டன்தான் போய்விட்டது என்று நானே தீர்ப்பு எழுதி, மெக்கானிக்கிடம் போய்ப் புது சுவிட்ச் போடச் சொன்னேன். காசு போனதுதான் மிச்சம். உண்மையான காரணம் அதற்கு இரண்டு வாரம் முன்பே டிரைவர் பக்கக் கால்மிதியில் பொடிப்பொடியாகக் கிடந்தது, அதை ஏதோ குப்பை என்று நானே கூட்டி அள்ளிப் போட்டிருந்தேன். அந்தக் கதைக்குக் கீழே வருகிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. க்ரூஸ் கன்ட்ரோல் ஒரு சந்தேகப் பிராணி. டிரைவர் காலை எடுத்துவிட்டால் வண்டியின் வேகம் முழுக்க அதன் பொறுப்பு என்பதால், பிரேக், கிளட்ச், சக்கர சென்சார், இன்ஜின் என்று எந்தப் பக்கத்திலிருந்தாவது ஒரு சின்ன "வேண்டாம்" வந்தால்கூடப் போதும், சத்தமில்லாமல் ஒதுங்கிவிடும். அப்படித்தான் அதை வடிவமைத்தே இருக்கிறார்கள். சிறு வயதிலேயே பார்வை இழந்த ரால்ஃப் டீட்டர் என்ற அமெரிக்கப் பொறியாளர் இதற்குக் காப்புரிமை பெற்றது 1950இல், கிரைஸ்லர் கார்களில் அது விற்பனைக்கு வந்தது 1958இல். அன்று பெரும்பாலும் இயந்திரம், இன்று முழுக்க மின்னணு, ஆனால் பிரேக்கைத் தொட்டால் விட்டுவிட வேண்டும் என்ற விதி மாறவேயில்லை. அதனால் நம் வேலை எது கெட்டுப்போச்சு என்று தேடுவதைவிட, யார் "வேண்டாம்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள் என்று கண்டுபிடிப்பதுதான். அந்த ஆள் பெரும்பாலும் விலை குறைந்த ஒரு சின்னச் சாமானாகத்தான் இருப்பார்.

பழுதுதானா என்று முதலில் உறுதி செய்யுங்கள்

சிரிக்காதீர்கள், நிறையப் பேர் இந்த இடத்திலேயே தீர்வு கண்டுவிடுவார்கள். பெரும்பாலான கார்களில் க்ரூஸ் பிடிக்கக் குறைந்தபட்ச வேகம் ஒன்று உண்டு, மணிக்கு 30 முதல் 40 கிலோமீட்டர் வாக்கில் இருக்கும், அதற்குக் கீழே எத்தனை தடவை அமுக்கினாலும் பிடிக்காது. முதலில் மெயின் பட்டனை ஆன் செய்து, பிறகு தனியாக செட் பட்டனை அமுக்க வேண்டும், இரண்டும் வேறு வேறு. மேனுவல் கியர் வண்டியில் முதல் கியரில் பிடிக்காது. சக்கரம் வழுக்காமல் பார்த்துக்கொள்ளும் டிராக்ஷன் கன்ட்ரோலை அணைத்து வைத்திருந்தால் சில கார்களில் க்ரூஸும் சேர்ந்து படுத்துக்கொள்ளும்.

இன்னொரு பெரிய குழப்பம் ஸ்பீடு லிமிட்டர். பல கார்களில் க்ரூஸும் லிமிட்டரும் ஒரே இடத்தில், பக்கத்துப் பக்கத்துப் பட்டனாக இருக்கும், மீட்டரில் வரும் படமும் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும். லிமிட்டரை ஆன் செய்துவிட்டு ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் வண்டி மெதுவாகத்தான் செய்யும், ஏனென்றால் அது வேகத்தை ஒரு எல்லைக்கு மேல் போகவிடாமல் தடுக்குமே தவிர, தானாக ஓட்டாது. இதற்காகவே வண்டியை சர்வீஸுக்கு விட்டவர்கள் உண்டு.

செங்குத்தான மேட்டில் வேகம் ரொம்பக் குறைந்தால் க்ரூஸ் தானாக விட்டுவிடுவதும், இறக்கத்தில் செட் செய்த வேகத்தைத் தாண்டி வண்டி ஓடுவதும்கூட நிறைய மாடல்களில் இயல்பான விஷயம்தான், பழைய வகை க்ரூஸ் ஆக்சிலேட்டரை மட்டும்தான் ஆளும், பிரேக் பிடிக்காது. உங்கள் வண்டியில் என்ன கணக்கு என்று கையேட்டில் அரைப் பக்கம்தான் எழுதியிருப்பார்கள், அதைப் படித்துவிட்டு வாருங்கள்.

என்ன மாதிரி மக்கர் என்று எழுதி வையுங்கள்

போனில் குறித்தால் போதும். மெயின் பட்டனை அமுக்கினால் மீட்டரில் விளக்கு வருகிறதா? விளக்கே வரவில்லை என்றால் ஃபியூஸ், பட்டன், ஸ்டீயரிங்குக்குள் போகும் வயர் பக்கம் சந்தேகப்படலாம். விளக்கு வந்து, செட் மட்டும் ஆகவில்லை என்றால் முதல் சந்தேகம் பிரேக் சுவிட்ச், அப்புறம் கிளட்ச் சுவிட்ச். செட் ஆகிப் பிறகு பள்ளத்தில் இறங்கும்போதோ ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதோ மட்டும் விட்டுவிடுகிறது என்றால், எங்கேயோ ஒன்று லூசாக இருக்கிறது, எந்த அசைவில் விடுகிறது என்பதே இடத்தைக் காட்டிக்கொடுக்கும். வேகம் ஏறி இறங்கி ஊஞ்சலாடினால் அது வேறு கதை. அதோடு மீட்டரில் செக் இன்ஜின், ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது), ஏர்பேக் விளக்குகளில் ஏதாவது எரிகிறதா, ஹாரன் அடிக்கிறதா என்பதையும் எழுதுங்கள். ஹாரனுக்கும் க்ரூஸுக்கும் என்ன சம்பந்தம் என்றால், இருக்கிறது, வருகிறேன்.

ஒரே ஒரு அறிகுறிக்கு மட்டும் வீட்டு வைத்தியம் கிடையாது. க்ரூஸ் விடமாட்டேன் என்கிறது, ஆக்சிலேட்டரில் கால் இல்லாமலே வண்டி இழுக்கிறது என்றால் அதை ஓட்டியே பார்க்காதீர்கள். ஓடும்போதே அப்படி ஆனால் பிரேக்கை ஒரே மூச்சில் பலமாக மிதித்துப் பிடியுங்கள், விட்டு விட்டு மிதிக்கக் கூடாது, ஏனென்றால் த்ராட்டில் (இன்ஜினுக்குக் காற்றை விடும் வால்வு) முழுக்கத் திறந்திருக்கும்போது, பிரேக் மிதியை இலகுவாக்கும் பூஸ்டருக்குத் தேவையான வேக்யூம் புதிதாக உருவாகாது, ஒவ்வொரு மிதிக்கும் மிச்சமிருப்பது கரையும். கியரை நியூட்ரலுக்குத் தள்ளுங்கள், இன்ஜின் அலறினால் அலறட்டும். ஓரம் கட்டி நின்ற பிறகு இன்ஜினை அணையுங்கள். ஓடும் வண்டியில் சாவியை உருவினால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும், அந்தத் தப்பை மட்டும் செய்துவிடாதீர்கள். அதன் பிறகு வண்டியை ரெக்கவரி வண்டியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும்.

பிரேக் லைட்டும், பெடலுக்கு மேலே இருக்கும் அந்தச் சின்ன சுவிட்சும்

இருட்டிய பிறகு வண்டியை ஒரு சுவர் பக்கம் பின்புறமாக நிறுத்திப் பிரேக்கை மிதியுங்கள். சுவரில் சிவப்பு வெளிச்சம் இரண்டு பக்கமும் வருகிறதா? மிதித்ததுமே வருகிறதா, பாதி மிதித்த பிறகா? காலை எடுத்ததும் அணைகிறதா? இந்த மூன்றும் முக்கியம், அதிலும் மூன்றாவது ரொம்ப முக்கியம். சில பழைய கார்களில் பிரேக் லைட் பல்பு வழியாகத்தான் க்ரூஸ் அந்த சர்க்யூட்டைப் பார்க்கும், அங்கே பல்புகள் எல்லாம் ஃபியூஸ் போனாலோ, கழற்றிவிட்டு எல்இடி போட்டாலோ க்ரூஸ் முறைத்துக்கொள்ளும். எல்இடி மாற்றிய பிறகுதான் இந்தப் பிரச்சினை வந்தது என்றால் பழைய பல்பையே திரும்பப் போட்டுப் பாருங்கள், ஐந்து நிமிட வேலை.

இப்போது டார்ச்சை எடுத்துக்கொண்டு டிரைவர் பக்கம் கீழே குனியுங்கள், முதுகு கொஞ்சம் திட்டும். பிரேக் பெடலின் தண்டைப் பிடித்துக்கொண்டே கண்ணை மேலே கொண்டுபோனால், பெடல் தொங்கும் இடத்துக்குப் பக்கத்தில் பிராக்கெட்டில் ஒரு விரல் தடிமனுக்கு ஒரு சுவிட்ச் சொருகியிருக்கும், பின்னால் இரண்டு அல்லது நான்கு வயர் போகும் கப்ளர் (கழற்றி மாட்டும் வயர் இணைப்பு) இருக்கும். முன்னால் ஒரு சின்னக் குமிழ், பெடல் ஓய்வில் இருக்கும்போது பெடல் தண்டு அந்தக் குமிழை அழுத்திக்கொண்டிருக்கும். மிதித்தால் குமிழ் வெளியே வரும், லைட் எரியும்.

எனக்கு நடந்த கதை இங்கேதான். குமிழ் வந்து மோதும் இடத்தில் பெடல் தண்டில் ஒரு ஓட்டை இருக்கும், அதில் சட்டை பட்டன் அளவுக்கு ஒரு ரப்பர் அல்லது பிளாஸ்டிக் புஷ் சொருகியிருக்கும். பல கம்பெனி வண்டிகளில் இது இருக்கிறது. வெயிலிலும் வயதிலும் அது அப்பளம் மாதிரி ஆகி ஒருநாள் நொறுங்கிவிடும். நொறுங்கினால் குமிழ் நேராக அந்த ஓட்டைக்குள் புகுந்துவிடும், பெடலில் கால் இல்லாதபோதும் டிரைவர் பிரேக் மிதித்துக்கொண்டிருக்கிறார் என்றே வண்டி நினைக்கும், க்ரூஸ் செட் ஆகவே ஆகாது. பிரேக் லைட்டும் அணையாது, இரவு முழுக்க நிறுத்தி வைத்தால் காலையில் பேட்டரி காலியாகியும் இருக்கலாம். என் கால்மிதியில் கிடந்தது அந்தப் புஷ்ஷின் துணுக்குகள்தான், மங்கலான நிறத்தில் நாலைந்து, நகம் வெட்டிப் போட்டது மாதிரி. மாலையில் பக்கத்து வீட்டுக்காரர் "உங்க வண்டில பின்னாடி லைட் எரியுதே" என்று சொன்னபோதுதான் எனக்குப் பொறி தட்டியது. ஆக, கால்மிதியைத் தூக்கிக் கீழே பாருங்கள், துணுக்கு கிடந்தால் அள்ளுவதற்கு முன் ஓட்டையைப் பாருங்கள். உங்கள் மாடலுக்கான புஷ் தனியாகவே கிடைக்கும், ஓட்டையில் வைத்துக் கட்டை விரலால் அமுக்கினால் டப்பென்று உட்காரும்.

புஷ் நன்றாக இருந்தால் சுவிட்சைச் சோதியுங்கள். நான்கு வயர் சுவிட்சுக்குள் இரண்டு தொடர்புகள் இருக்கும், ஒன்று மிதித்தால் சேரும், லைட்டுக்கு. இன்னொன்று மிதித்தால் பிரியும், க்ரூஸை விடச் செய்வதற்கு. இரண்டும் எப்போதும் எதிரெதிராக இருக்க வேண்டும், அப்படியில்லாமல் இரண்டும் ஒரே நேரத்தில் சேர்ந்தோ பிரிந்தோ இருந்தால் இன்ஜின் கம்ப்யூட்டர் யாரையும் நம்பாமல் க்ரூஸை மூடிவிடும். புதியவர்கள் பலர் ஏமாறுவது இங்கேதான்: பிரேக் லைட் ஒழுங்காக எரிகிறது, அதனால் சுவிட்ச் நன்றாக இருக்கிறது என்று நினைத்துவிடுவார்கள், ஆனால் லைட் பக்கத் தொடர்பு நன்றாக இருந்து மற்றது தேய்ந்துபோயிருக்கலாம். கப்ளரைக் கழற்றி, மல்டிமீட்டரைக் கன்டினியூட்டியில் (இணைப்பு இருந்தால் பீப் அடிக்கும் நிலை) வைத்து, குமிழை அமுக்கும்போதும் விடும்போதும் இரண்டு ஜோடிகளும் மாறி மாறி பீப் அடிக்கிறதா என்று பாருங்கள். ஒரு ஜோடி எப்போதும் அடித்தாலோ, எப்போதும் ஊமையாக இருந்தாலோ சுவிட்சை மாற்றிவிடலாம்.

புது சுவிட்ச் மாட்டும்போது கவனம். நிறைய சுவிட்சுகளில் குமிழ் தன் நீளத்தைத் தானே சரிசெய்துகொள்ளும் வகை, சிலவற்றில் அது ஒரே ஒரு தடவைதான் நடக்கும். பெடலைக் கையால் கீழே அழுத்திப் பிடித்து, சுவிட்சைச் சொருகித் திருப்பிப் பூட்டி, பிறகு பெடலை மெதுவாக மேலே விட வேண்டும் என்பது பொதுவான முறை, உங்கள் மாடலுக்கு எப்படி என்று கையேட்டில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். பள்ளத்தில் குதிக்கும்போது மட்டும் க்ரூஸ் விடுகிறது என்றால் பெரும்பாலும் இந்த இடைவெளிதான் தப்பாக இருக்கும், பெடல் லேசாக ஆடினாலே சுவிட்ச் விழித்துக்கொள்கிறது.

கிளட்ச் வண்டிக்கும் இதே கதைதான், கிளட்ச் பெடலுக்கு மேலே அவருக்கும் ஒரு சுவிட்ச், அவருக்கும் ஒரு புஷ். கிளட்ச் மேல் கால் வைத்துக்கொண்டே ஓட்டும் பழக்கம் இருந்தால் முதலில் காலை எடுங்கள்.

ஃபியூஸ்

ஃபியூஸ் பெட்டி மூடியின் உள்பக்கப் படத்தில் க்ரூஸ், பிரேக் லைட், இன்ஜின் கம்ப்யூட்டர் ஆகியவற்றுக்கு எது என்று பார்த்து, உருவி வெளிச்சத்தில் பிடியுங்கள். உள்ளே கம்பி அறுந்திருந்தால் அதே ஆம்பியரில் இன்னொன்று. மறுபடி போனால் நிறுத்திவிடுங்கள், பெரிய ஆம்பியர் ஃபியூஸ் போட்டு ஏமாற்றப் பார்க்காதீர்கள். ஃபோர்டு நிறுவனம் 1999 முதல் 2009 வரை பல தவணைகளில் ஒரு கோடிக்கும் அதிகமான வண்டிகளைத் திரும்ப அழைத்தது இதை ஒட்டிய விஷயத்துக்குத்தான். க்ரூஸைத் துண்டிக்கும் சுவிட்சுக்குள் பிரேக் ஆயில் கசிந்து, எப்போதும் கரன்ட் இருக்கும் பக்கத்துக்குப் போய், நிறுத்தி வைத்த வண்டியிலேயே தீப்பிடித்திருக்கிறது. ஃபியூஸ் எதையோ சொல்ல வருகிறது என்றால் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஸ்கேனர் இருந்தால் மிச்ச வேலை சுலபம்

1996 மாடல் முதல் அமெரிக்காவில் விற்ற எல்லா பெட்ரோல் கார்களிலும், கொஞ்சம் பின்னால் மற்ற பல நாடுகளிலும், ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 பின் கொண்ட ஓபிடி சாக்கெட் இருக்கும், வண்டியின் கம்ப்யூட்டர் குறித்து வைத்த பழுதுகளை அதில்தான் படிக்கலாம். விலை குறைந்த ப்ளூடூத் ஸ்கேனரும் போன் ஆப்பும் போதும். செக் இன்ஜின் விளக்கு எரியாவிட்டாலும் கோடு, அதாவது பழுதுக் குறியீடு, பதிவாகியிருக்கலாம், அதனால் படித்துப் பாருங்கள். பி0571, பி0572, பி0573, பி0504 என்றால் பிரேக் சுவிட்ச். பி0704 என்றால் கிளட்ச் சுவிட்ச். பி0564 முதல் பி0570 வரை க்ரூஸ் பட்டன்கள் சம்பந்தப்பட்டவை. பி0500 என்றால் வேக சென்சார். கோடு என்பது விசாரணை தொடங்க வேண்டிய இடம், குற்றவாளியின் பெயர் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், பி0571 வந்தால் சுவிட்சும் போயிருக்கலாம், அதற்குப் போகும் வயரை எலியும் கடித்திருக்கலாம்.

பழுதுக் குறியீட்டைவிட எனக்குப் பிடித்தது லைவ் டேட்டா, அந்த நொடியில் நடப்பதை அப்படியே திரையில் காட்டுவது. ஸ்கேனர் காட்டினால், வண்டியை நிறுத்தி வைத்துக்கொண்டே பிரேக், கிளட்ச், செட், ரெஸ்யூம் (விட்ட வேகத்தை மறுபடி பிடிக்கும் பட்டன்) என்று ஒவ்வொன்றாக அமுக்கித் திரையில் ஆன், ஆஃப் மாறுகிறதா என்று பாருங்கள். அமுக்கியும் மாறாத ஆள்தான் நாம் தேடும் ஆள். கம்பெனிக்கென்றே இருக்கும் ஸ்கேனர்களில் கடைசியாக க்ரூஸ் எதனால் விட்டது என்ற காரணமே சில மாடல்களில் பதிவாகியிருக்கும், மெக்கானிக்கிடம் அதைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

செக் இன்ஜின் விளக்கு வேறு ஏதோ காரணத்துக்கு எரிந்தாலும் பல கார்கள் க்ரூஸை நிறுத்திவிடும், அப்படியானால் அந்தக் காரணத்தைச் சரிசெய்யாமல் க்ரூஸைத் துருவிப் பிரயோஜனமில்லை. ஏபிஎஸ் விளக்கு சேர்ந்து எரிந்தால் சக்கர சென்சார் பக்கம் போங்கள். சமீபத்தில் வீல் பேரிங் மாற்றினீர்களா, பிரேக் வேலை நடந்ததா? சென்சார் வயர் இழுபட்டிருக்கலாம், முனையில் இரும்புத் துகள் ஒட்டியிருக்கலாம். நான்கு டயரும் ஒரே அளவில் இல்லையென்றாலும் கம்ப்யூட்டருக்குக் குழப்பம்தான்.

பட்டனும் ஹாரனும்

இப்போதுதான் பட்டனைச் சந்தேகிக்க வேண்டும். ஸ்டீயரிங் பட்டன்கள் பலவற்றில் ஒவ்வொரு பட்டனுக்கும் ஒவ்வொரு அளவு ரெசிஸ்டர், எல்லாம் ஒரே வயரில் போகும், வோல்டேஜைப் பார்த்துத்தான் எந்தப் பட்டன் என்று கம்ப்யூட்டர் கண்டுபிடிக்கும். காபி சிந்தி உள்ளே பிசுபிசுத்தால் கணக்கு தப்பும், செட் அமுக்கினால் கேன்சல் என்று புரிந்துகொள்ளும்.

ஸ்டீயரிங் சுற்றும்போது வயர் அறுந்துவிடாமல் இருக்க, உள்ளே ஒரு நாடா கடிகார ஸ்பிரிங் மாதிரி சுருண்டிருக்கும், பெயரும் கிளாக் ஸ்பிரிங்தான். ஹாரன், ஆடியோ பட்டன், க்ரூஸ், ஏர்பேக் எல்லாம் அதன் வழியாகத்தான் போகிறது. ஹாரன் ஊமை, ஆடியோ பட்டனும் ஊமை, ஏர்பேக் விளக்கு எரிகிறது, க்ரூஸும் இல்லை என்று எல்லாம் கூட்டாக வந்தால் வேறெங்கும் தேட வேண்டாம், அந்த நாடா அறுந்திருக்கிறது. ஸ்டீயரிங் ஒரு பக்கம் திரும்பும்போது மட்டும் ஹாரன் அடிக்காவிட்டாலும் இதே சந்தேகம்தான்.

கண்டுபிடியுங்கள், ஆனால் நீங்களே கழற்றாதீர்கள். அதற்கு முன்னால் ஏர்பேக்கைக் கழற்ற வேண்டும், அது வெடித்து விரியும் சாமான். பேட்டரியைக் கழற்றிக் குறிப்பிட்ட நேரம் காத்திருப்பது, ஏர்பேக்கின் மஞ்சள் கப்ளர்களில் மீட்டர் வைக்காமல் இருப்பது, புது ஸ்பிரிங்கை நடுவில் வைத்து மாட்டுவது என்று அதற்கு ஒழுங்கு இருக்கிறது. தெரிந்தவர் செய்யட்டும்.

பழைய வண்டியும் ரேடார் வண்டியும்

ஆக்சிலேட்டருக்குக் கேபிள் இருக்கும் காலத்து வண்டி என்றால், இன்ஜின் பக்கத்தில் க்ரூஸுக்கென்று ஒரு தனி உருளையோ பெட்டியோ இருந்து த்ராட்டிலுக்கு ஒரு கேபிள் போகும். வேக்யூம் வகை என்றால் ரப்பர் ஹோஸ்களை விரலால் வளைத்துப் பாருங்கள், வெடிப்பு இருந்தால் வாய் திறக்கும். வேகம் ஊஞ்சலாடுவது பெரும்பாலும் கேபிள் தளர்ந்திருப்பதால், அல்லது ஹோஸ் கசிவதால்.

முன்னால் போகும் வண்டியைப் பார்த்து வேகத்தைக் குறைக்கும் அடாப்டிவ் வகை என்றால், சென்சார் மறைக்கப்பட்டிருக்கிறது என்ற செய்தி மீட்டரில் வந்ததா என்று பாருங்கள். முன் கிரில், பம்பர், லோகோவுக்குப் பின்னால் ரேடார் இருக்கும், சேறு, பனி, ஸ்டிக்கர், அழகுக்காக மாற்றிய லோகோ எது மறைத்தாலும் நின்றுவிடும். ஈரத் துணியால் துடையுங்கள், கண்ணாடியில் கேமரா இருக்கும் இடத்தையும் துடையுங்கள். முன்பக்கம் லேசாக இடித்த பிறகோ முன் கண்ணாடி மாற்றிய பிறகோ வந்த பிரச்சினை என்றால் துடைத்துப் பயனில்லை, அதற்குரிய கருவி வைத்துக் காலிபரேட் செய்தாக வேண்டும், அதாவது சென்சார் பார்க்கும் திசையைச் சரிசெய்ய வேண்டும். ஒரு டிகிரி திரும்பியிருந்தாலும் 100 மீட்டர் தூரத்தில் ஏறத்தாழ 1.75 மீட்டர் விலகிப் பார்க்கும், பக்கத்துத் தடத்து வண்டியை நம் தடத்து வண்டி என்று நினைக்க அது போதும்.

சரியாகிவிட்டதா என்று பார்ப்பது

வெறும் சாலையில், பகலில், காய்ந்த தரையில். செட் செய்து ஒரு நிமிடம் விடுங்கள். பிறகு பிரேக்கை விரல் நுனியால் தொடுவது போல லேசாகத் தொடுங்கள், உடனே விட வேண்டும். ரெஸ்யூம் கொடுத்து, கிளட்ச் இருந்தால் அதைத் தொடுங்கள், அப்போதும் விட வேண்டும். கேன்சல் பட்டன், மெயின் பட்டன் என்று விடவைக்கும் வழி ஒவ்வொன்றையும் சோதியுங்கள், நான்கில் மூன்று வேலை செய்கிறது என்று திருப்திப்பட்டு வந்துவிடாதீர்கள். வீட்டுக்கு வந்து நிறுத்திப் பூட்டியதும் ஒரு சுற்று பின்னால் போய் பிரேக் லைட் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள், எனக்கு அது இப்போது பழக்கமாகவே ஆகிவிட்டது.